மீனுக்காகக் கல் பொறுக்கியவர்

கோட்டூர்புரத்தில் எங்கள் எதிர்மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மணல் சலித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் இரண்டு கை கூழாங்கல் கேட்டேன். தலையில் துண்டு, புடவைக்கு மேல் ஆண்சட்டை, ஐம்பது வயதிருக்கும்.

"இன்னாத்துக்குமா கல்லு?"

என் மகளின் மீன்தொட்டிக்கு டப்பாவில் நானே ஃபில்டர் செய்து பஞ்சு வைத்திருந்தேன். அது இரண்டே நாளில் அடைத்துக்கொண்டது. தண்ணீர் கலங்கி இரண்டு மீன்கள் செத்துப்போயின, ஒன்றுதான் மிச்சம். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சல்லடையில் தங்கிய கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, பாதியைத் தூக்கி எறிந்தார்.

"அதெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"சிமிட்டி ஒட்டிக்கினு கீதுமா. எங் கையே எரியுது, மீனு தாங்குமா?"

அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் வெடித்திருந்தது.

அந்தக் கற்களைக் கழுவிப் பஞ்சுக்குக் கீழே பரப்பினேன். நான்காம் நாள் தண்ணீர் தெளிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவரை அழைத்துவந்து காட்டினேன். கண்ணாடியில் பட்டுவிடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதும் பேரு இன்னா?"

"ராணி," என்றாள் மகள்.

"ராணி," என்று மீனிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

அவர் பெயரைக் கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் தெரியவில்லை.