முதுகுவலி என்று நான் கொடுத்த ஜெபவிண்ணப்பம்

தும்மினால் போதும், சேலை நனைந்துவிடும். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததை மறைத்தால் எனக்குச் சமாதானம் இல்லை.

நான் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடையில் பில் போடுகிறவள். சபைப் பாடகர் குழுவிலும் இருந்தேன். போன ஈஸ்டர் ஆராதனையில் குரலை உயர்த்திப் பாடியபோது சிறுநீர் கசிந்து, பாதிப் பாட்டில் இறங்கி ஓடினேன். அதன்பின் குழுவுக்குப் போகவில்லை. தண்ணீர் குடிப்பதையே விட்டேன். பாட்டும் போய்விட்டதே என்று அழுதேன்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் கேட்டபோது வெட்கத்தில் "முதுகுவலி" என்று சொல்லிவிட்டேன். நாலு மாதம், பாவம், எல்லாரும் முழங்கால் போட்டு என் நல்ல முதுகுக்காக மன்றாடினார்கள். கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லா தைலம் கொண்டுவந்து தேய்த்தும் விட்டாள். நான் மட்டும் தனியே, "ஆண்டவரே, உமக்குத் தெரியுமே" என்பேன்.

ஓணம் லீவில் கூட்டத்துக்குப் புதிதாக வந்தவர் ஜெசி அக்கா, பிசியோதெரபிஸ்ட். முதுகுவலி என்றதும் உள்ளறையில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்தார். காலைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். பாய் நனைந்தது.

செத்துவிடலாம் போலிருந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"முதுகுக்கு ஒண்ணும் இல்ல மக்களே. இந்தக் கசிவுக்குப் பயிற்சி குடுக்கதுதான் ஆஸ்பத்திரியில எனக்க ஜோலி."

நான் பொய் சொல்லிக் கேட்டதற்கு, ஆண்டவர் சரியான ஆளை அனுப்பியிருக்கிறார்!

அக்கா கூட்டிப்போன டாக்டரம்மா சொன்னது அடுத்த அதிர்ச்சி. ஆபரேஷன், இல்லையென்றால் சாகும்வரை துணி வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். அவர் சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, முதலில் மூன்று மாதம் சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசைகளுக்குப் பயிற்சி, டீயைக் குறைப்பது, எடை குறைப்பது என்றார். போதவில்லை என்றால் உள்ளே வைக்கிற வளையம் உண்டாம், ஆபரேஷனும் உண்டாம்.

"வெள்ளம் குடிக்காம இருக்கக்கூடாது, கேட்டோ. எது வேணும்னு நீங்கதான் தீருமானிக்கணும்," என்றார் மலையாளம் கலந்த தமிழில்; வெள்ளம் என்றது தண்ணீரை.

நானா? என் உடம்பைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

பயிற்சியைத் தேர்ந்தெடுத்தேன். ஜெசி அக்கா சொல்லிக் கொடுத்தபடி தினம் மூன்று வேளை செய்தேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் முழுப் பாட்டும் பாடி முடித்தேன், ஸ்தோத்திரம்! கடும் இருமல் வந்தால் இன்னும் கொஞ்சம் கசியும். பயமில்லை, வேறு வழிகளும் இருக்கின்றன.

அடுத்த கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் கோபப்படவில்லை. எல்லாரும் போனபின் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கும் அதுதான். நான் மூட்டுவலின்னு குடுத்திருக்கேன்."

அவள் மூட்டுக்காக நானும்தானே ஜெபித்திருந்தேன்!

சகோதரிகளே, ஆண்டவரை நம்புங்கள், அவர் கேட்கிறார். ஆனால் டாக்டரிடம் போகும்போது உள்ளதைச் சொல்லுங்கள். ஸ்டெல்லாவை நாளை நான்தான் கூட்டிப்போகிறேன்.