புதுக் கத்தியில் முதல் கீறல்

என் சித்தப்பா ஒரு பொய்யர். ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் தன் பொய்யை இறக்கி வைத்துவிட்டு, இருபது வருஷமாக அதைக் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிகிறவர். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விஷயம் ஒரு கத்தி. அடுக்களைக் கத்தி. புதிதாக வாங்கிய மறுநாளே அதன் மேல் ஒரு கீறல் வந்தது. வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். அதைப் போட்டது நான் என்று எங்கள் குடும்பத்தில் தாலி கட்டி வந்த மருமகள்கள் வரைக்கும் தெரியும். எனக்கு 'உப்புத்தாள்' என்று பட்டப்பெயர். என் கல்யாணத்தில், பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியாரிடம் சித்தப்பா போய், "வீட்ல புதுப் பாத்திரம் ஏதும் இருந்தா பூட்டி வச்சுக்கிடுங்க, எங்க பிள்ளை வருது" என்றார். மாமியார் சிரிக்கவில்லை. நிஜமாகவே பூட்டி வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

அப்போது நாங்கள் கொல்கத்தாவில், சால்ட் லேக்கில், அப்பாவின் அலுவலகக் குடியிருப்பில் இருந்தோம். மூன்றாவது மாடி. சித்தப்பா அப்பாவின் தம்பி. செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். நாங்கள் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். கறி, மீனை விடுங்கள், முட்டை சேர்த்த கேக்கைக்கூட அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் இப்படி ஒரு வீடு.

கீழ்த்தளத்தில் காகிமா இருந்தார். அந்த ஊரில் பக்கத்து வீட்டுச் சித்தியை அப்படித்தான் கூப்பிட வேண்டும். அம்மா கல்யாணமாகி வந்து இறங்கியபோது வங்காளத்தில் ஒரு சொல் தெரியாது. பால்காரனிடம் பேசவும், பஸ்ஸில் சண்டை போடவும் கற்றுக்கொடுத்தது காகிமாதான். அவ்வளவு பெரிய ஊரில் அம்மாவுக்கென்று இருந்த ஒரே சிநேகம். எங்கள் வீட்டுக்குள் வருமுன் மாடிப்படி அடிக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டுதான் காகிமா ஏறி வருவார். அம்மா சொல்லி அல்ல, தானாக. அம்மாவும் கீழே போய் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவாள், ஆனால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். காகிமா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை.

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. ஆயுத பூஜைக்கு அடுக்களையில் புழங்குகிற இரும்புச் சாமான் ஏதாவது ஒன்று புதிதாக சாமி முன்னால் இருக்க வேண்டும். அந்த வருஷம் பழைய கத்தியின் பிடி ஆடிக்கொண்டிருந்ததால், "மைனி, கத்தி என் பொறுப்பு" என்று சித்தப்பா அம்மாவிடம் ஏற்றுக்கொண்டார். பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்னையும் கூட்டிக்கொண்டு ஷ்யாம்பஜார் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனார். கடைக்காரர் எடுத்துக் காட்டிய கத்தியில் என் பல் தெரிந்தது. கண்ணாடி மாதிரி. ஒரு புள்ளி கிடையாது. நான் சாட்சி. அட்டைப் பெட்டியில் வைத்து, நியூஸ்பேப்பர் சுற்றி, சணல் கட்டிக் கொடுத்தார்.

குடியிருப்பு வாசலுக்கு வந்த பிறகுதான் சித்தப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்று சனிக்கிழமை.

சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரக்கூடாது. எவர்சில்வராக இருந்தாலும் வெட்டுகிற சாமான் என்றால் அம்மாவுக்கு அது இரும்புதான். வாங்கியதே சனிக்கிழமை என்று தெரிந்தால் அதைச் சாமி முன் வைக்கவே மாட்டாள். சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, காகிமா வீட்டுக் கதவைத் தட்டி, "இந்தப் பார்சல் இங்கே இருக்கட்டும், காலையில் எடுத்துக்கொள்கிறேன்" என்று தன் அரைகுறை வங்காளத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். மாடி ஏறும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சனிக்கிழமை வாங்குனோம்னு அம்மாட்ட மூச்சு விடக்கூடாது. நாளைக்கு வாங்குன மாதிரிதான். என்னட்டி?"

"சரி."

"சாமி சத்தியமா?"

"சாமி சத்தியமா."

நான் சத்தியத்தை மீறுகிற பிள்ளை இல்லை. இதைத்தான் அந்த ஆள் பயன்படுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் கத்தி வாங்கப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பினோம். பூங்காவைச் சுற்றினோம். எனக்கு ஜிலேபி வாங்கித் தந்தார். துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறவர்களை வேடிக்கை பார்த்தோம். கடைக்குப் போய் வருகிற நேரம் ஆனதும், என்னை மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் காகிமா வீட்டுக்குள் போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. உள்ளே காகிமாவின் குரல் ஏறி ஏறி இறங்கியது. வெளியே வந்தபோது சித்தப்பா முகம் சரியில்லை. பெட்டியில் நியூஸ்பேப்பர் இல்லை, சணல் இல்லை. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வா" என்றார்.

அம்மா பெட்டியைத் திறந்தாள். கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அலகின் நடுவில், மூன்று விரல் அகலத்துக்கு, வட்டம் வட்டமாக யாரோ தேய்த்துத் தேய்த்து மங்க வைத்த மாதிரி கீறல். அதில் என் பல் தெரிய வழியே இல்லை.

"என்ன தம்பி இது? புதுசுன்னுல்லா சொன்னீங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"ரிக்‌ஷால வரும்போது இவ கையிலதான் குடுத்தேன் மைனி. பெட்டியைப் பிரிச்சு எதையோ வச்சு உரசிக்கிட்டே வந்தா. நான் கவனிக்கல."

ரிக்‌ஷாவே இல்லை. பூங்காவிலிருந்து நடந்துதான் வந்தோம். ராத்திரி முழுக்கக் கத்தி கீழ் வீட்டில் இருந்தது. ஆனால் இதில் எதைச் சொன்னாலும் சனிக்கிழமை வெளியே வந்துவிடும். சத்தியம் செய்திருக்கிறேன். சித்தப்பா கண்ணால் கெஞ்சினார். சனிக்கிழமையைக் காப்பாற்றத்தான் கெஞ்சுகிறார் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா கத்தியைத் திருப்பினாள். பிடியும் அலகும் சேருகிற இடுக்கை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பால் கெட்டுவிட்டதா என்று பார்ப்பாளே, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகுதான் என்னைத் திட்ட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, உனக்குக் கை சும்மாவே இருக்காதா? சாமிக்கு வாங்குன சாமானை இப்படியா செய்வாவ?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "மேலாப்ல கீறல்தானே, வெட்டுறதுக்கு என்ன? வேணும்னா கடைல குடுத்து மாத்திக்கிடலாம். பில்லு எங்கடா?" என்று கேட்டார். பில்லில் சனிக்கிழமை தேதி இருந்தது. சித்தப்பா பில் தொலைந்துவிட்டது என்றார். ஒரு காலையில் இத்தனை பொய் சொன்ன மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அடுத்து நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தபோது கீறலை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கீறல் இல்லை என்றால் குற்றமும் இல்லை அல்லவா. முதலில் பற்பொடி போட்டுத் தேய்த்தேன். பிறகு விபூதி. ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவின் சாமான் பெட்டியில் உப்புத்தாள் இருந்தது. அதை எடுத்துப் பத்து நிமிஷம் தேய்த்தேன். மூன்று விரல் அகலத்துக்கு இருந்தது ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஆகிவிட்டது. சித்தப்பா வந்து பார்த்தார். அந்த முகத்தில் நான் பார்த்தது நிம்மதி. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், "பாருங்க மைனி, நான் சொன்னேன்லா" என்றார்.

அதோடு என் பெயர் முடிந்தது. உப்புத்தாள் என் வேலை, ஒத்துக்கொள்கிறேன். முதல் கீறல் என்னுடையது அல்ல.

அன்று சாயங்காலம் அம்மா கத்தியை மஞ்சளும் புளியும் போட்டுத் தேய்த்தாள். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். பிறகு கேஸ் அடுப்பில் நேராகத் தீயில் காட்டினாள், முனை நீலம் பாரித்துப் போகிற வரைக்கும். கீறலைப் போக்க இப்படியும் ஒரு வழி இருக்கிறதாக்கும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீறல் போகவில்லை. பூஜை அன்று அந்த இடத்தின் மேலேயே பெரிதாக ஒரு சந்தனக் குங்குமப் பொட்டை அப்பி, சாமி முன்னால் வைத்துவிட்டாள். தெருப் பந்தலில் டாக் என்கிற பெரிய மேளம் பிய்த்துக்கொண்டிருந்தது. பூஜை முடிந்ததும் சுண்டலையும் பாயசத்தையும் என் கையில் கொடுத்துக் காகிமாவிடம் அனுப்பினாள்.

"குடுத்துட்டு, புதுக் கத்தி நல்லா வெட்டுது, சாமி முன்னாலயும் வச்சாச்சுன்னு அம்மா சொன்னான்னு சொல்லு."

இதை ஏன் காகிமாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. சொன்னேன். சாதாரணமாக என்னைக் கண்டால் பத்துக் கேள்வி கேட்கிறவர் அன்று நேரே அடுக்களைக்குள் போனார். தேங்காய் உருண்டை டப்பாவை எடுத்து, என் பாவாடை மடியில் அப்படியே கவிழ்த்தார். பூஜை நாள், அதனால் தாராளம் என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

போன மாதம் கொல்கத்தாவில், நியூ டவுனில், மகன் வீட்டில் இருக்கிற காகிமாவைப் பார்க்கப் போனேன். பதினாலாவது மாடி. முழங்கால் இரண்டும் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. பேச்சோடு பேச்சாக அந்தக் கத்தியைச் சொன்னார். அந்தச் சனிக்கிழமைதான் அவர் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். பத்து நாள் கஞ்சிக்குப் பிறகு மீன் குழம்பு கேட்டிருக்கிறார். காகிமா வீட்டில் கத்தி கிடையாது, மீனோ காயோ தரையில் குந்தி அரிவாள்மனையில்தான் வெட்டுவது. அன்று முழங்கால் வீங்கிக் குந்த முடியவில்லை. பார்சலின் வடிவத்தைப் பார்த்தே உள்ளே கத்தி என்று தெரிந்திருக்கிறது. கழுவி வைத்துவிடலாம் என்று எடுத்து, நின்றபடியே ருயி மீனை வெட்டிவிட்டார். வெட்டி முடித்த பிறகுதான் அது எந்த வீட்டுக் கத்தி, எந்தப் பூஜைக்கு வாங்கிய கத்தி என்று உறைத்திருக்கிறது. அதற்கப்புறம் சாம்பல், சோப்பு, கம்பி நார். வாசனை போகவில்லை என்று திரும்பத் திரும்பத் தேய்த்திருக்கிறார்.

"அழுதுவிட்டேன் ஷோனா, என் தங்கமே. வேறு கத்தி வாங்கித் தருகிறேன், உன் அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்றேன். உன் காகுதான், உன் சித்தப்பாதான், சொன்னால் அவள் இனி உங்கள் வீட்டுப் படி மிதிக்க மாட்டாள், பேசாமல் இருங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்."

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, எழுது. இனிமேல் என்னை யார் என்ன செய்யப் போகிறார்கள்?" என்றார்.

கீழே இறங்கி, வண்டிக்குக் காத்திருக்கும்போதே ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் போன் போட்டேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அம்மா பாதியிலேயே நிறுத்தினாள்.

"எனக்கு என்ன, மூக்கு இல்லையா? பெட்டியைத் திறக்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா என்னைத் திட்டுனே?"

"உன்னைத் திட்டலன்னா வேற யாரையாவது கேக்கணுமேட்டி. கேட்டா பதில் வருமே. பதில் வந்தா நான் என்ன செய்ய? கீழ ஒருத்தி இருந்தா. அவளையும் விட்டுட்டா அந்த ஊர்ல நான் யார்ட்ட பேச?"

"சித்தப்பாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன். "தம்பிக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாதுன்னுதான் பாவம் இன்னும் சமாளிச்சுக்கிட்டுத் திரியுதாவ" என்றாள்.

அந்த வயதில் எனக்குப் புரியாதது இதுதான். நான் காவல் காத்தது சனிக்கிழமையை அல்ல. அந்தக் கீறலுக்கு யாராவது ஒருத்தர் பெயர் தேவைப்பட்டது. வேறு யார் பெயரைச் சொன்னாலும் கேள்வி மாடிப்படி இறங்கிக் கீழ் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும். என் பெயரைச் சொன்னால் அரை மணியில் தீர்ந்துவிடும். வயிறு நிறையத் திட்டு வாங்கிவிட்டு, அதே ஆளிடம் தட்டை நீட்டி இன்னொரு தோசை கேட்கிறவள் அந்தக் கட்டிடத்திலேயே நான் ஒருத்திதான். பெரியவர்கள் இரண்டு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லாமலே, என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மாவை விட்டுவிட்டேன். அவளிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

சித்தப்பா, உங்களிடம் இருக்கிறது. அம்மா இருக்கிற சபையில் மட்டும்தான் அந்தக் கதையை நீங்கள் சொல்கிறீர்கள் என்பதை இப்போது யோசித்தால் தெரிகிறது. இருபது வருஷம் காவல் இருந்தீர்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் காவலுக்கு என் பெயரை நிறுத்தி வைத்தீர்கள். இனிக் காவல் தேவையில்லை, எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எனக்குத் தனியாகப் போன் செய்யாதீர்கள், கும்பிடு பொம்மை அனுப்பாதீர்கள். தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போடுகிறீர்களே, அந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே, என் மாமியாரும் பார்க்கும்படி, உங்கள் கையால் எழுதுங்கள்: அந்தக் கத்தியில் முதல் கீறல் போட்டது நானா, இல்லையா?