டைல்ஸ் போட்ட மாட்டுக்கொட்டகை

சத்தியவேடு பக்கம் நிலம் பார்க்க வந்த யாரும் சிட்டிபாபு வாங்கித் தரும் டீயைக் குடிக்காமல் தப்பியதில்லை. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஆலைகள் வரத் தொடங்கிய நாளிலிருந்து அவர் நிலத் தரகர். அதற்கு முன்பு, தன் நைனாவின் கழனியில் வேலை செய்யாமல் இருப்பதையே முழுநேரத் தொழிலாக வைத்திருந்தார். கூலிங் கிளாசும் வெள்ளைச் சட்டையுமாக முள்காட்டில் நின்று, "இங்க ஸ்கூல் வருது, அங்க ஆஸ்பத்திரி வருது" என்று கையை நீட்டுவார். இரண்டும் வந்ததில்லை. அவர்தான் அடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்ப வருவார்.

ஊருக்கெல்லாம் சொன்ன கதையை ஒரு நாள் அவரே நம்பிவிட்டார். தொழிற்பேட்டை எப்படியும் இதுவரைக்கும் நீளும் என்று, மனைவி ஸ்வர்ணலதாவின் நகைகளை விற்று ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சையை வாங்கிப் போட்டார்.

பிறகு வட்டார வளர்ச்சித் திட்டத்தின் வரைபடம் வெளியானது. ஆலைகளுக்கு ஊதா, வீடுகளுக்கு மஞ்சள், விவசாயத்தைத் தவிர வேறெதற்கும் தொடக்கூடாத நிலத்துக்குப் பச்சை. ஊதா நிறம் ஏரியின் மறுகரை வரைக்கும் ஓடி வந்து நின்றுவிட்டது. சிட்டிபாபுவின் நிலம் பச்சைப் பசேல்.

திட்ட அதிகாரி ஹரிதா திருப்பதியிலிருந்து வந்திருந்தார். சிட்டிபாபு வரைபடத்தை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கலர் கசிஞ்சிக்கீது மேடம்" என்றார்.

"கசியலைங்க. அது ஏரிப் பாசனம். ஃபேக்டரியில வேலை செய்றவங்களும் அன்னம்தானே தின்னணும்?" என்றார் ஹரிதா, தெலுங்கு வாசனை அடிக்கும் தமிழில்.

வீட்டில் ஸ்வர்ணலதா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஜென்மத்துல மண்வெட்டி புடிக்காத ஆளு நீ. கவர்மெண்டே பாத்து உன்ன விவசாயி ஆக்கிக்கீது." பிறகு நகை ஞாபகம் வர, ஒரு வாரம் பேசவில்லை.

பச்சை நிலத்தில் மாட்டுக்கொட்டகை கட்டலாம் என்று எங்கோ கேள்விப்பட்டார் சிட்டிபாபு. உடனே கடன் வாங்கி ஒரு மாட்டுக்கொட்டகை கட்டினார். அதில் வரிசையாக அறைகள், அறைக்கொரு குளியலறை, தரையெல்லாம் டைல்ஸ். சென்னையிலிருந்து வார இறுதியில் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். யாரோ புகார் கொடுக்க, ஹரிதா பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது.

அவர் வரும் நாள் காலையிலேயே சிட்டிபாபு பக்கத்துக் கழனிக்காரர் கங்கையாவிடம் ஓடினார். "மாமா, ஒரு நாளைக்கு மாடுங்கள குடு."

"ஓட்டிக்கினு போ. செவலைப் பசு நெறமாசம், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு கங்கையா தடா டவுனுக்குக் கிளம்பிவிட்டார்.

ஹரிதா வந்தபோது மாடுகள் டைல்ஸில் கால் வழுக்கி, சுவரோடு ஒட்டி நின்றன. அவர் குளியலறைக் கதவைத் திறந்து ஷவரை அண்ணாந்து பார்த்தார். "இதுல எந்த மாடு குளிக்கும்?"

அதற்குள் செவலை கீழே படுத்துக் கதறத் தொடங்கியது. கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன, அதற்கு மேல் நகரவில்லை.

"ஏன்யா மரமாட்டம் நிக்கிற? காலப் புடிச்சி இழு!" என்று கத்தினாள் மாடுகளைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்வர்ணலதா.

"நானா?"

"பின்ன மேடமா இழுப்பாங்க?"

வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, செவலை முக்கியபோதெல்லாம் அவள் சொன்னபடி இழுத்தார். ஹரிதா குளியலறையிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தக் குளியலறையின் முதல் உபயோகம் அதுதான். கன்று வழுக்கி வந்து சிட்டிபாபுவின் மடியில் விழுந்தது. அவருக்கு அழுகை வந்தது. அருவருப்பில் என்று பிற்பாடு சொன்னார், பார்த்தவர்கள் நம்பவில்லை.

"மேடம், இப்ப இது கொட்டகைதானே?" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அப்ப கொட்டகையாவே இருக்கட்டும். அறைச் சுவரையும் டைல்ஸையும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனார் ஹரிதா.

சுவர்கள் இடிபட்டன. டைல்ஸைப் பெயர்த்த அன்று சிட்டிபாபு சாப்பிடவில்லை. பிறந்த கன்றால் வரப்பில் நடக்க முடியாதென்று செவலை அங்கேயே தங்கியது. ஸ்வர்ணலதா அதைக் கங்கையாவிடம் விலை பேசி வாங்கினாள், பிறகு இன்னும் சில மாடுகள். இப்போது ஆலைத் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளுக்கு இந்தக் கொட்டகையிலிருந்துதான் பால் போகிறது. கேன்களைப் பைக்கில் கட்டி எடுத்துப் போகிறவர் சிட்டிபாபு. கூலிங் கிளாசை மட்டும் விடவில்லை.

சென்ற ஆண்டு, பச்சையை மஞ்சளாக்கக் கேட்டு நிலக்காரர்கள் மனு கொடுத்தார்கள். சிட்டிபாபு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். ஆக்கக் கூடாது என்ற எதிர் மனுவில் ஸ்வர்ணலதா போட்டாள். நிலக்காரர்களின் மனு ஏற்கப்படவில்லை என்று தெரிந்த அன்று அவள் பாயசம் வைத்தாள். அவர் முறைத்துக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தார்.

இந்த மழைக்கு ஏரி நிரம்பி வழிந்து, கழனி முழுக்க முட்டியளவு தண்ணீர். "ரிசார்ட்டு இருந்திருந்தா படகு உட்டிருக்கலாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் சிட்டிபாபு.