மாதா கானுக்குள் விழாத கதை

போன கிழமை வெள்ளவத்தையில், எங்கள் ஃபிளாட்டுக்கு எதிரே எழும்பும் புதுக் கட்டடத்துக்குக் கண்ணாடிகள் வந்திறங்கின. இறக்கிய ஃபோர்க்லிஃப்ட்டின் டீசல் புகை பால்கனி வழியாக வீட்டுக்குள் புகுந்தது. பக்கத்து வீட்டார் படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். நான் மட்டும் நின்று முகர்ந்துகொண்டிருந்தேன். அந்த மணம் வந்தால் எனக்கு பியஸ் ஞாபகம்தான்.

பியஸைப் பற்றிச் சொல்வதானால் என் உத்தியோகத்தையும் சொல்லவேண்டும். வேலை பறிபோனவர்களுக்காகத் தொழில் நியாய சபையில் பேசித் திரிந்த நான், கொட்டாஞ்சேனையில் பண்டகசாலை வைத்திருந்த ஒரு கம்பனிக்குச் சொந்த லோயராகப் போய்ச் சேர்ந்தேன். கொள்கை மாறிவிட்டதோ என்று சிநேகிதர்கள் கேட்டார்கள். கொள்கையாவது! ஏசி அறை தருவதாகச் சொன்னார்கள், போனேன். அந்த ஏசி குளிரைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் தந்தது; கீழே ஒரு பேசின் வைத்துக்கொண்டுதான் சட்டம் பார்ப்பேன்.

பியஸ் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒரு திருநாள் பின்னேரம், அந்தப் பகுதிச் சிறு கோவிலின் மாதா தேர் எங்கள் கேட்டடிக்கு வந்தபோது அதன் நாலு சக்கரங்களில் ஒரு சில்லு உடைந்தது. தேர் ரோட்டோரச் சாக்கடைக் கான் பக்கம் சரிய, ஆட்கள் தோள்கொடுத்துத் தாங்கிக்கொண்டு கத்தினார்கள். உள்ளே பெட்டி இறக்கிக்கொண்டிருந்த பியஸ் அதைப் பார்த்தார். அப்படியே ஃபோர்க்லிஃப்ட்டை ரோட்டுக்கு எடுத்துப்போய்த் தேரைப் பக்குவமாகத் தூக்கிப் பிடித்தார். வேறு சில்லு பூட்டும்வரை இறக்கவில்லை. தெருவே கைதட்டியது. யாரோ எடுத்த படம், தேர் கோவிலுக்குத் திரும்புவதற்கு முன்பே எங்கள் டிரெக்டரின் ஃபோனுக்கு வந்துவிட்டது.

"இண்டைக்கு மாதா, நாளைக்குப் புத்தருக்கு வெசாக் தோரணம். என்ர ஃபோர்க்லிஃப்ட் என்ன ஊர்ச் சொத்தா? ரோட்டில ஆரையும் இடிச்சிருந்தா இன்ஷூரன்ஸ்காரன் திரும்பியும் பாக்கமாட்டான்," என்றார் டிரெக்டர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எச்சரித்து விடுவோம், போதும் என்றேன். கேட்கவில்லை, பியஸை வேலையால் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பியஸ் நியாய சபைக்குப் போனார். கம்பனிக்காகப் பேசவேண்டியது நான்.

"மாதாவைத் தூக்கின பிள்ளைக்கு எதிராவோ கதைக்கப் போறாய்?" என்று அம்மா கேட்டார். யாழ்ப்பாணத்துச் சைவ அம்மா, செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர். அன்று எனக்குத் தோசை ஒன்று குறைந்தது.

பியஸின் லோயர் ஃபரீனா. சட்டக் கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரி. விசாரணை நாளன்று உள்ளே போகுமுன் வாங்கில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த வட்டிலப்பத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம். "தின்னு, தின்னு. பொறகு அழுவ ஏலாது," என்றாள்.

என் சாட்சி, கேட் காவலர் பியசேன. எனக்குப் பின்னால் டிரெக்டரும் உட்கார்ந்திருந்தார். கேட்டைத் திறந்தது யார் என்று ஃபரீனா சிங்களத்தில் கேட்டாள். "நான்தான்," என்றார் பியசேன. அதை அவர் எங்களிடம் சொல்லியிருக்கவேயில்லை. நான் எழுந்து கேட்டேன்.

"அனுமதி இல்லாமல் ஏன் திறந்தீர்கள்?"

"எங்கட டிரெக்டர் மஹத்தயா அங்க நிண்டிருந்தா அவரே திறந்திருப்பார் எண்டு நினைச்சன்," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, டிரெக்டரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

சபைத் தலைவர் பேனையை வைத்தார். "கொஞ்சம் வெளியே போய்க் கதைத்துப் பார்க்கிறீர்களா?" என்றார்.

விறாந்தைக்கு வந்ததும் டிரெக்டர் பியசேன இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "என்னைப் பெரிய மனுசனாக்கிப் போட்டான், மிஸ். இனி நான் எப்பிடி இல்லை எண்டு சொல்றது?" என்றார்.

பியஸ் பழைய வேலைக்கே திரும்புவதென்று முடிவாயிற்று. இனி ஃபோர்க்லிஃப்ட்டை ரோட்டுக்கு எடுக்கக்கூடாது என்று பியஸிடம் சொன்னேன்.

"ஓம் மிஸ். ஆனா தேருக்கு நாலு நல்ல சில்லு கம்பனி போட்டுக் குடுக்கட்டும். பிறகு நான் ஏன் போறன்?"

டிரெக்டர் சிரித்துவிட்டார். எல்லோருமாக எதிர்த்த கடைக்குப் போய்ப் பிளேன் டீ குடித்தோம். சாட்சியும் வந்தார்.

இப்போது அந்தப் பண்டகசாலை இருந்த இடத்தில் மாடிவீடுகள். பியஸ் பிள்ளைகளோடு இத்தாலியில். டீக்கடை கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. வேலைத்தலத்து விசாரணைகள் பலவற்றை இப்போது கணினித் திரையில் நடத்துகிறேன். போன மாதமும் ஒன்று நல்லபடியாகச் சமாதானத்தில் முடிந்தது. எதிர்த்தரப்பு லோயர், ஒரு சின்னப் பிள்ளை, நன்றாகவே பேசியிருந்தாள். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் எல்லா முகங்களும் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் திரையில் நான் மட்டும்தான், வாயைத் திறந்தபடி.