திரைக்குக் கீழே ஒரு சந்தனப் பொட்டு

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் என் மகள் கைபேசியின் டார்ச்சை லேப்டாப் திரையில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாளே என்று மாடிக்குப் போனேன். திரை கறுத்துக் கிடந்தது. விசைகளின் அடியில் விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி ஓடியது, மின்னஞ்சல் வந்தால் ஒலிக்கும் மணியும் ஒலித்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும், கலங்கிய குளத்துக்கு அடியில் கிடக்கும் காகிதம்போல, எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

"உசுரு இருக்குப்பா. மொகம்தான் போச்சு," என்றாள்.

பெங்களூரில் வேலை பார்த்தவள். மஞ்சள் காமாலை வந்து, உடம்பு பாதியாகித் தென்காசிக்குத் திரும்பினாள். சிறிய நிறுவனம். வீட்டிலிருந்தே செய்யலாம், சொந்த லேப்டாப்பாக இருக்க வேண்டும், வேலை தடைப்படக் கூடாது என்று சொல்லி அனுமதி கொடுத்திருந்தார்கள். அவள் இங்கே இருப்பதும் கிளம்பிப் போவதும் அந்தப் பெட்டியைப் பொறுத்தது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும். என் மனைவி தினமும் அவளுக்கு எண்ணெய் சேர்க்காமல் தனியாகச் சமைத்தாள். மாடிப்படியில் தட்டைக் கொண்டுபோகும்போது அவள் நடையில் ஒரு அவசரம் இருக்கும். பந்தியில் ஆள் காத்திருப்பதுபோல.

கவலைப்பட ஒன்றுமில்லை என்று நான்தான் சொன்னேன். வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி. அதோடு, நான் செய்தித்தாளில் வாழ்க்கையைக் கழித்தவன். எந்த அலுவலகத்தில் யாரைக் கூப்பிட்டால் காரியம் நகரும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது எங்கள் தொழிலில் பாதி.

இந்தக் காரியத்தில் கூப்பிட ஆள் இல்லை. எண் இருந்தது. தமிழுக்கு ஒரு எண்ணை அழுத்தினால் ஒரு பெண் பேசினாள், ஒவ்வொரு முறையும் வேறு பெண். ஒவ்வொருத்தியும் முதலிலிருந்து கேட்டாள். "திருநெல்வேலி மாவட்டம்தானே சார்?" "தென்காசி மாவட்டம்." "லிஸ்ட்ல திருநெல்வேலின்னுதான் சார் வருது." மாவட்டம் பிரிந்த செய்தியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அது அவர்களுடைய கணினிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. திருநெல்வேலி என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆள் வரும்வரை சமாளிக்க வழி கண்டுபிடித்தது மகள்தான். லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து ஒரு கேபிளால் ஹால் டிவியோடு இணைத்தாள். அவளுடைய அலுவலகம் எங்கள் சுவரில் ஏறியது. வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்கள், பால்காரர், எதிர்வீட்டு அக்கா எல்லோரும் வாசலில் நின்றபடியே அதைப் பார்த்தார்கள். "ஏட்டி, இதுல எதுடி ஒன் வேல?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். "அந்தப் பச்சை கட்டம் பூரா நான்தான் அத்தை." "பாக்க நல்லாத்தான் இருக்கு. சீரியல் எப்பப் போடுவிய?"

பழுது பார்ப்பவர் திருநெல்வேலியிலிருந்து பைக்கில் வந்தார். முப்பது வயதிருக்கும். ஆலங்குளம் தாண்டியதும் பிடித்த மழையில் தொப்பலாக நனைந்திருந்தார், தோள்பை மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்திருந்தது. மனைவி துண்டு கொடுத்தாள், காப்பி கொடுத்தாள். அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, திரையைச் சுற்றியிருக்கும் சட்டத்தை நகத்தால் நெம்பினார். கைபேசியில் நிறுவனத்தின் செயலி திறந்திருந்தது. சட்டம் கழன்றதும் அது முதல் படத்தைக் கேட்டது. எடுத்தார். எடுத்த பிறகுதான் குனிந்து பார்த்தார்.

திரையின் கீழ் விளிம்பில், உள்பக்கமாக, மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது சந்தனமாக்கா?"

"ஆமா," என்றாள் மனைவி. "ஆயுத பூஜைக்கு வச்சது. தெனம் சோறு போடுத பொருள்லா."

அந்தப் பூஜையன்று கிணற்று மோட்டார், மிக்சி, என் ஸ்கூட்டர், அரிவாள்மனை, இன்டர்நெட் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள் லேப்டாப்பை மேல் விளிம்பின் நடுவில் தொடப் போனாள். "கேமராவ மறைச்சிராதம்மா," என்றாள் மகள். அதனால் பொட்டு திரைக்குக் கீழே இறங்கியது. பன்னீரில் குழைத்த சந்தனம். மற்றவற்றுக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள், நான் பார்த்தேன்.

அவர் திருகு கழற்ற எடுத்திருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "எக்கா, நீங்க என்னன்னு தெரியலன்னு சொல்லியிருக்கலாம்."

"தெரிஞ்சத எப்படித் தெரியலன்னு சொல்ல?"

அவருடைய தோள்பையின் மூடியிலும் குங்குமம் கலந்த ஒரு பொட்டு உதிர்ந்தும் உதிராமலும் இருந்தது. மனைவி அதைக் காட்டினாள். "ஒங்க பையிலயும் வச்சிருக்கியளே."

"பைக்கு வாரண்டி கிடையாதுக்கா."

மகள் சிரித்துவிட்டாள். நானும்தான். மனைவி சிரிக்கவில்லை, அவளுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"இதனாலதான் போச்சா?" என்று கேட்டேன்.

"அப்படி நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. வயரு சேருத எடம் அங்கன, அந்த மூலையில இருக்கு. சந்தனம் இங்கன இருக்கு. இந்தப் பக்கத்து மழைக்காத்துக்கே உள்ள கம்பியில பச்சைக் களிம்பு பிடிச்சிரும். ஆனா மேல உக்காந்திருக்கவன் என்னைய கேக்க மாட்டான். போட்டோவத்தான் பாப்பான்."

"தொடச்சிட்டு வேற எடுங்களேன்," என்றாள் மனைவி.

"எடுத்தது அப்பவே கம்பெனிக்குப் போயிருச்சுக்கா. திரும்ப வாங்க முடியாது."

படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறோமோ, படிப்பவனுக்கு அதுதான் படம். பத்திரிகையில் இருந்த யாருக்கும் இது தெரியும். அந்த மஞ்சள் கறைக்குக் கீழே எங்கோ ஒருவர் என்ன எழுதப்போகிறார் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிறகு வந்த மின்னஞ்சல் அப்படியே இருந்தது: வாடிக்கையாளரால் ஏற்பட்ட திரவச் சேதம், வாரண்டி பொருந்தாது. மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். பழுது பார்த்தவர் சொன்னதை அவருக்குப் பாதகம் வராதபடி, யார் சொன்னது என்று காட்டாமல் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றில் அவ்வளவு கவனமான பத்தி குறைவு. "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று உடனே பதில் வந்தது. அத்தனை வேகமாக வந்ததால் யாரும் படிக்கவில்லை என்று தெரிந்தது.

தென்காசியிலேயே ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "கம்பெனியில கேஸ் நடக்கும்போது நான் தொட்டேன்னா அவன் ஒரேயடியா கைகழுவிருவான் அண்ணாச்சி. பதில் வரட்டும்." பதில் வரட்டும் என்று நாங்களும் இருந்தோம்.

கார்த்திகை பிறந்தது. மாலை போட்டிருந்த என் மைத்துனன் இரண்டு சாமிகளோடு வந்தான். குற்றால சீசனிலும் சபரிமலை சீசனிலும் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விருந்தாளிகள் தப்பாது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டும் கறுப்பு வேட்டியுமாக ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். சுவரில் மகளின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருந்த கூட்டம்.

"சாமி, கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுங்குங்க. கேமராவுல தெரியுதீங்க," என்று மைக்கை மூடிவிட்டு மகள் சொன்னாள்.

"தெரிஞ்சா என்னம்மா? புண்ணியம்தான் அவியளுக்கு," என்றான் மைத்துனன். ஆனாலும் ஒதுங்கினான்.

அவள் பேசும் முறை வந்து, மைக்கைத் திறந்து, ஒரு வாக்கியம் சொல்லியிருப்பாள். கரண்ட் போனது. எங்கள் இன்வெர்ட்டர் விளக்கையும் மின்விசிறியையும்தான் தாங்கும். இன்டர்நெட் பெட்டியையும் மகளுக்காக அதில் சேர்த்திருந்தோம். டிவியைச் சேர்க்கவில்லை. சுவர் இருண்டது. லேப்டாப்போ பேட்டரியில் ஓடியது. அதாவது, அவளுக்கு அவர்களைத் தெரியவில்லை, அவர்களுக்கு எங்கள் வீடு முழுக்கக் கேட்டது. மைக்கை மூடும் விசையை அழுத்தினாள். அது அழுத்த அழுத்த மூடும், திறக்கும். இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லத் திரை இல்லை. மறுபடி அழுத்தினாள். டார்ச்சைத் தேடினாள். சமையலறையிலிருந்து மனைவி, "ஏட்டி, அந்த ஆளு இன்னும் பேசிக்கிட்டா இருக்கான்? கஞ்சி ஆறுதுல்லா," என்றாள். இருட்டைப் பார்த்து ஒரு சாமி சரணம் சொன்னார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று மாலையே மேலாளர் எழுதினார். கோபம் எதுவும் இல்லை. உன் சிரமம் புரிகிறது, அலுவலகத்தில் உனக்கு ஒரு கணினி தயாராக இருக்கிறது, திங்கள்கிழமை முதல் வந்துவிடு என்று இருந்தது. மகள் அதைச் சத்தமாகப் படித்தாள். மைத்துனன் தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

"நான் வேணும்னா ஒங்க ஆபீசருகிட்ட பேசட்டுமா?" என்றாள் மனைவி.

"என்னன்னும்மா பேசுவ?"

"என்னாலதான்னு."

"ஒன்னாலன்னு யாரு சொன்னா? நான்தான் கீழ வைக்கச் சொன்னேன்," என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிட்டோம். எண்ணெய் இல்லாத சாப்பாட்டை எப்படிச் செய்வது என்று மனைவி ஜன்னலுக்குக் கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். லேப்டாப்பை எடுத்துப்போகவில்லை.

அடுத்த வாரம் பழுது பார்த்தவர் கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணாச்சி, கேஸ மூடிட்டாவ. இப்ப ஒரு மெசேஜ் வரும். அஞ்சுக்கு அஞ்சு போட்டிருங்க. கொறஞ்சா என்னைய ராமநாதபுரம் பக்கம் தூக்கி அடிச்சிருவாவ. வீட்டுல அவ மாசமா இருக்கா."

"கேஸ மூடிட்டான்னா? பதிலே வரலியே."

"அதான் அண்ணாச்சி பதில்."

மெசேஜ் வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டு, கீழே ஐந்து நட்சத்திரங்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனைவி கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, கண்ணாடி இல்லாததால் தள்ளிப் பிடித்து, ஐந்தையும் தொட்டாள்.

"புள்ளத்தாச்சிய விட்டுட்டு அந்தத் தம்பி எங்கன போயி இருப்பான்," என்றாள்.

அதற்குக் கீழே ஒரு கட்டம் திறந்தது. வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டது. கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"எழுதுதீயளா?"

கட்டத்துக்குள் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது. என்ன எழுதினாலும் அந்தத் தம்பியின் பெயருக்குக் கீழேதான் போய் நிற்கும். காலியாகவே அனுப்பினேன்.