பத்திரம் சாரின் குரல்

அலுவலகத்தில் அவருக்குப் பத்திரம் சார் என்றுதான் பெயர். கணினியில் ஒரு வரியை மாற்றினாலும் கிட் மென்பொருளில் ஏற்றிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பழைய நிலையோடு சேர்த்துத் தொலைவில் உள்ள சர்வரில் காத்துவைக்கும் மென்பொருள் அது. “ஏத்தியாச்சா? ஏத்தியாச்சா?” என்று கேட்டுக் கேட்டே கூட இருப்பவர்களின் உயிரை வாங்குவார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். சரி, குரலுக்கும் பேக்கப் எடுத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார். நிறைய வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்துவைத்தால், பின்னால் அவர் தட்டச்சு செய்வதைக் கணினி அவர் குரலிலேயே பேசும். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் லேப்டாப் உயிரை விட்டிருந்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. புதுக் கணினியில் எல்லாவற்றையும் சர்வரிலிருந்து இறக்கினார். வாசித்த வாக்கியங்கள் எழுத்தாக வந்தன. ஒலி ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. ஒலிக்கோப்புகள் கனமாக இருக்கின்றன, ஏற நேரமாகிறது என்று, ‘இவற்றை விட்டுவிடு’ என இரண்டாம் நாளே மென்பொருளுக்கு ஒரு வரி எழுதிவைத்தது அவரேதான். ஊரையே விரட்டி விரட்டி பேக்கப் எடுக்கவைத்த ஆள், தன் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டார். பாவம், வாய்விட்டு அழக்கூட வழியில்லை.

“போனா போகுதுங்க. நீங்க இருக்கீங்கள்ல, அது போதும்” என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவருக்குக் கேட்டது.

இரண்டாம் நாள்தானே அந்த வரி? முதல் நாள் பதிவுகள் சர்வருக்குப் போயிருக்குமே! இவள் நடுநடுவே வந்து பேசிக் கெடுத்துவிட்டாள் என்று அவற்றை அழித்திருந்தார். அழித்தால் என்ன, பழைய நிலையில் இருக்கும். தேடி வெளியே எடுத்தார். கணினியைப் பேசவைக்க அது போதாது. இருந்தாலும் கைதட்டி அவளைக் கூப்பிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

“வணக்கம். இன்று வானம் தெளிவாக…” கதவு கிறீச்சிட்டது. “என்னங்க, கேஸ் தீர்ந்துபோச்சு.” “ஐயோ, பேசிட்டிருக்கேன்ல! கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்க மாட்டியா? எத்தனை தடவை சொல்றது உனக்கு!”

கூசிப்போய் நிறுத்தப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுங்க. இன்னும் கொஞ்சம் திட்டு வாங்கிக்கிறேன்.”