குளியலறையில் கேட்ட குரங்கு

காட்டுக் குரங்குகளின் குரலை ஆராய்பவள் அவள். அவற்றைப்போலவே கத்தி, பதில் வருகிறதா என்று பார்ப்பாள். பயிற்சியெல்லாம் வீட்டுக் குளியலறையில்தான்.

"மானம் போகுதுடி!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். அக்கம்பக்கத்தில் கேட்டால், மருமகளுக்குத் தொண்டைக்கட்டு என்று சமாளிப்பார்.

காட்டில் ஒரு கூட்டம் மட்டும் அவளைச் சட்டைசெய்யவே இல்லை. அதன் குரலே வேறு. விடுவாளா? அந்தக் குரலையும் குளியலறையில் பழகிக்கொண்டு போய்க் கத்தினாள். மரத்துக்கு மரம் பதில் வந்தது! மரபணுச் சோதனையும் கைகொடுக்க, அது புதிய இனம் என்று உறுதியானது.

செய்தி வந்த அன்று அவள் வீடு திரும்பினால், வாசலில் தெருவே கூடியிருந்தது. நடுவில் மாமியார்.

"மத்த குரங்கெல்லாம் சும்மா கத்தும். எங்க குரங்கு எப்படின்னு கேளுங்க!"

இடுப்பில் கையூன்றி, தெரு அதிரக் கத்தினார். பிசிறே இல்லை.